கோழி புரோக்கருக்குப் போட்ட குரல்

வீடு வீடாகப் போய்க் கம்ப்யூட்டரில் மென்பொருள் போட்டுத் தருகிற தொழிலில், உழைப்பு என்பது பெரும்பாலும் ஒரு பச்சைக் கோடு நிரம்புவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதுதான். நீங்களும் அந்தக் கோட்டின் முன்னால் உட்கார்ந்திருப்பீர்கள். முக்கால்வாசி மளமளவென்று ஓடிவிட்டு, முடியப்போகிற நேரத்தில் நின்றுகொள்ளும். வீட்டுக்காரர் கோட்டைப் பார்க்க மாட்டார், என்னைப் பார்ப்பார்.

நான் அதிகம் போடுவது எழுதுவதற்கான எடிட்டர். அதைப் போடும்போது நடுவில் ஒரு திரை வரும். லைப்ரரி என்றால் எடிட்டரோடு சேருகிற துணை மென்பொருள். பிழை திருத்தும் லைப்ரரி வேண்டுமா, தமிழ் விசைப்பலகை வேண்டுமா, எழுதியதை வாசித்துக் காட்டும் லைப்ரரி வேண்டுமா என்று வரிசையாகக் கட்டங்கள் இருக்கும். வேண்டியதை மட்டும் டிக் செய்யலாம். மனிதர்களுக்கு என்ன வேண்டும் என்று அவர்களுக்கே தெரியாது என்பதை நான் அந்தத் திரையில்தான் கற்றுக்கொண்டேன்.

துடியலூர் டீச்சர்

துடியலூரில் சர்ச்சுக்குப் பின்தெருவில் ஸ்டெல்லா டீச்சர் இருக்கிறார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின், சர்ச்சின் பங்கு மடலுக்குக் கட்டுரை எழுத எடிட்டர் கேட்டார். ஒவ்வொரு கட்டமாகப் படித்துக் காட்டி எது வேண்டும் என்று கேட்டேன். எல்லாம் இலவசமா என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றதும் எல்லாவற்றுக்கும் டிக் போடச் சொல்லிவிட்டார். பிரெஞ்சு அகராதி, துருக்கி அகராதி, இசைக் குறியீடுகள் எல்லாம் இறங்கின. வாசித்துக் காட்டும் லைப்ரரியை ஒரு தடவை ஓட்டிப் பார்த்தோம். செய்தி வாசிக்கிற பெண்ணின் குரலில் அவருடைய கட்டுரையை அது உணர்ச்சியே இல்லாமல் படித்தது. முகம் வாடி அணைத்துவிட்டார்.

அதற்குப் பிறகு அந்தப் பழைய கம்ப்யூட்டரில் ஒரு பக்கம் திறப்பதற்குள் காபி ஆறிவிடும் என்று புகார் வந்தது. துருக்கி மொழியையாவது எடுத்துவிடலாமே என்று போய் நின்றேன். டீச்சர் மௌஸின் மேல் கையை வைத்துக்கொண்டார்.

"இருக்கட்டுங்க தம்பி. வந்ததை எதுக்கு எடுக்கோணும், ஒரு நாளைக்கு உதவாதுங்களா?"

யாரும் கேட்காத கட்டம்

வாசித்துக் காட்டும் லைப்ரரியை மட்டும் கேட்டு எனக்கு வந்த ஒரே அழைப்பு பல்லடத்திலிருந்து வந்தது. பேசியவர் சரஸ்வதி அக்கா. "ஏனுங்க, எழுதுனா பேசற கம்ப்யூட்டர் இருக்குதாமுங்களே?" என்று கேட்டார். அவருடைய கணவர் ஈஸ்வரமூர்த்தி கறிக்கோழி புரோக்கர். காலையில் பண்ணைகளுக்குப் போன் போட்டு எவ்வளவு கோழி தேறும் என்று கேட்டு, கறிக்கடைகளுக்குப் பேசி விலை முடித்துத் தருவார். வாயை வைத்துத்தான் முப்பது வருடப் பிழைப்பு. தொண்டையில் புற்றுநோய் என்று குரல்வளையை எடுத்துவிட்டார்கள். இப்போதைக்கு அக்காவின் தம்பி தங்கவேலு வியாபாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த 'இப்போதைக்கு' நீண்டுவிடுமோ என்பதுதான் ஈஸ்வரமூர்த்தி அண்ணனின் பயம்.

வீட்டுக்குப் போனதும், வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பலாமே என்று அண்ணனிடம் சொன்னேன். கோழிக்குத் தீவனம் போடுகிற நேரத்தில் எவன் படிப்பான் என்று அவர் கைச் சைகையாலேயே கேட்டார். அதுவும் சரிதான். எடிட்டரையும், தமிழ் விசைப்பலகையையும், அந்தக் குரலையும் போட்டேன். தமிழுக்கு அந்த ஒரு பெண் குரல்தான் இருந்தது. அண்ணன் இரண்டு விரலால் தேடித் தேடி அடித்தார். "சரசு, தம்பிக்கு மோர் கொண்டா" என்று கம்ப்யூட்டர் சொன்னது. அக்கா சமையலறையிலிருந்து வந்து, கணவரையும் ஸ்பீக்கரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இனி இந்தப் பொம்பள சொல்றதத்தான் நாங் கேக்கோணுமாட்ட இருக்குது."

கட் ஆகிற போன்

பத்து நாள் கழித்து, மிஷின் வேலை செய்யவில்லை என்று அக்கா கூப்பிட்டார். போய்ப் பார்த்தால் மிஷின் நன்றாகவே இருந்தது. அண்ணன் போனை ஸ்பீக்கரில் போட்டுக் கம்ப்யூட்டர் பக்கத்தில் வைத்திருந்தார். முதல் வரியை முன்னாலேயே அடித்துத் தயாராக வைத்திருந்தார். எதிர்முனையில் எடுத்ததும் பொத்தானை அமுக்கினார். "வணக்கமுங்க, நான் ஈஸ்வரமூர்த்தி பேசறனுங்க" என்று அந்தப் பெண் ஆரம்பித்தாள். போன் கட். அடுத்தவரும் கட். அதற்கு அடுத்தவர் அவள் 'வணக்கம்' சொல்லி முடிப்பதற்குள்ளேயே கட்.

உங்களையும் என்னையுமே எடுத்துக்கொள்ளுங்கள். போனை எடுத்ததும் இப்படி ஒரு இயந்திரக் குரல் வணக்கம் சொன்னால் என்ன செய்வோம்? லோன் வேண்டுமா என்று கேட்கிற ரெக்கார்டிங் என்று நினைத்து வைத்துவிடுவோம். வேலை நடுவில் யாருடைய நம்பர் என்றுகூடப் பார்க்காமல், ஊரே அந்தக் குரலை வெட்டப் பழகியிருக்கிறது. நான் அந்தக் குரலைத்தான் இவருக்கு வாயாகக் கொடுத்திருந்தேன். அந்த வரிசையில் கடைசி அழைப்பில், பண்ணைக்காரர் பழனிச்சாமி மட்டும் மரியாதைக்குப் பதில் சொல்லிவிட்டு வைத்தார்.

"லோனெல்லாம் வேண்டாமுங்க அம்மணி. நானே கோழி வாங்க ஆளைத் தேடிட்டிருக்கறனுங்க, போனை வைங்க."

எஃப் டூ

அண்ணன் கம்ப்யூட்டரை அணைக்கப் போனார். எனக்கு வீட்டுக்குப் போக மனசு வரவில்லை. அவருடைய போனை வாங்கிப் பழைய வாட்ஸ்அப் செய்திகளைத் தேடினேன். ஆபரேஷனுக்கு முன்னால் யாருக்கோ அனுப்பிய குரல் பதிவு ஒன்று கிடைத்தது. "ஏனுங்க, சௌக்கியமுங்களா? நாந்தானுங்க ஈஸ்வரமூர்த்தி." நல்ல கட்டைக் குரல், சிரித்துக்கொண்டே பேசியிருந்தார். எடிட்டருக்கு ஒலி லைப்ரரி ஒன்றும் உண்டு. அதைப் போட்டு, எஃப் டூ பொத்தானை அமுக்கினால் இந்தக் குரல் வரும்படி செய்தேன்.

பழனிச்சாமிக்கே மறுபடி போட்டோம். எஃப் டூ. எதிர்முனையில் கோழிகளின் சத்தம் தள்ளிப் போனது, பழனிச்சாமி கொட்டகையை விட்டு வெளியே வந்திருக்க வேண்டும். அவர் உடம்பு எப்படி இருக்கிறது, பேச்சு வந்துவிட்டதா என்று கேட்டார். அண்ணன் மெதுவாக, ஒரு 'ங்க'வைக்கூட விடாமல், நடந்ததை அடித்தார். அந்தப் பெண் அதைப் படித்துச் சொன்னாள். பழனிச்சாமி கேட்டுக்கொண்டே இருந்தார்.

"பொறுமையா அடிங்க, நான் வெச்சர மாட்டனுங்க."

ஈரக் கை

வியாபாரம் திரும்பியது. பண்ணைக்காரர்கள் காத்திருந்து பேசினார்கள். ஸ்பீக்கர் மாற்ற ஒரு நாள் காலையில் போயிருந்தபோதுதான் அதைக் கவனித்தேன். அண்ணன் எஃப் டூவை அமுக்கும்போதெல்லாம் அக்கா சமையலறை வாசல் வரைக்கும் வந்து நிற்பார். கையில் ஈரம் சொட்டும். திரும்பிப் போய்விடுவார். அடுத்த அழைப்புக்கு மறுபடியும் வருவார். நான் கிளம்பும்போது கேட் வரைக்கும் வந்தார். "அந்த ஒரு சத்தத்த மட்டும் எடுத்துப்போட முடியாதுங்களா தம்பி? மிஷின்தான்னு தெரியுதுங்க. ஆனா ஒவ்வொருக்காவும் அவருக்குப் பேச்சு வந்துருச்சுன்னு காலு தானா ஓடியாருது" என்றார். அதை எடுத்தால் வியாபாரம் நின்றுவிடுமே என்றேன். "அதானுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். சொன்னதை அண்ணனிடம் சொல்ல வேண்டாம் என்றுகூட என்னிடம் கேட்கவில்லை.

நான் சொல்லவும் இல்லை. ஆனால் அண்ணனுக்குக் காது நன்றாகத்தான் இருந்தது. அடுத்த வாரம் அவரே வரச்சொல்லிச் செய்தி அனுப்பினார். அக்கா சந்தைக்குப் போயிருந்த நேரம். எஃப் டூவை எடுத்துவிடச் சொன்னார். நான் எவ்வளவோ வாதாடினேன். கேட்டுவிட்டு நிதானமாக அடித்தார், அந்தப் பெண் வாசித்தாள்.

"யாவாரத்த மச்சான் பாத்துக்குவாருங்க. சரசுவத் தெனமும் ஏமாத்திக்கிட்டு என்னால இருக்க முடியாதுங்க."

மற்றவை

எஃப் டூ போனதும் போன்கள் மறுபடி கட் ஆக ஆரம்பித்தன. விஷயம் தெரிந்தவர்கள்கூட அந்த வணக்கத்தைக் கேட்டதும் பழக்கத்தில் வைத்துவிட்டார்கள். பழனிச்சாமி மட்டும் எடுத்துக் கேட்பார். ஒரு பண்ணையை வைத்துக்கொண்டு புரோக்கர் வேலை பார்க்க முடியாது. மழைக்காலம் முடிவதற்குள் தங்கவேலு வியாபாரத்தை முழுதாக எடுத்துக்கொண்டார். கணக்குப் பார்க்கக் கம்ப்யூட்டரும் அவர் கடைக்குப் போக வேண்டியிருந்தது. எடிட்டரை எடுத்துத் தரச் சொல்லி அண்ணன் என்னைக் கூப்பிட்டார். தன்னுடைய பேச்சு இன்னொருவர் கடையில் கிடப்பது அவருக்குப் பிடிக்கவில்லை.

எடுக்கும்போதும் ஒரு திரை வரும், உங்களுக்குத் தெரியும். ஏன் நீக்குகிறீர்கள் என்று கேட்டுக் கட்டங்கள் கொடுப்பார்கள். வேகம் போதவில்லை, பயன்படுத்தக் கடினம், வேறு நல்ல மென்பொருள் கிடைத்துவிட்டது, மற்றவை. யாரும் பதில் சொல்வதில்லை. நான் தாண்டிப் போகப் பார்த்தேன். அண்ணன் என் கையை விலக்கிவிட்டு 'மற்றவை'யை டிக் செய்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, எங்கோ இருக்கிற முகம் தெரியாத கம்பெனிக்காரனுக்கு மரியாதை குறையாமல் அடித்தார். அடித்து முடித்து அவரே அனுப்பினார்.

"நல்லாத்தானுங்க பேசுச்சு. நின்னு கேக்கத்தான் ஆளில்லீங்க."

எங்கள் தொழிலில் எதைப் போட்டாலும் 'வெற்றிகரமாக முடிந்தது' என்று ஒரு பெட்டி வரும், எதை எடுத்தாலும் அதே பெட்டிதான் வருகிறது.