கிறகோரி மருந்தடித்த மரம்

என் மனுசன் கிறகோரி மெல்பேணில் இருபத்திரண்டு வருடம் வீடு வீடாகப் பூச்சிமருந்து அடித்தவர். எறும்பு, கரப்பான், சிலந்தி எதையும் விட்டுவைத்ததில்லை. ஓய்வு பெற்று, ரோவில் என்ற புறநகரில் வீட்டோடு இருக்கத் தொடங்கியதும் கைக்கு வேலையில்லை. என் குசினிக்குள் வந்து கறிக்கு உப்புப் பார்க்கத் தொடங்கினார். நான் ஒரு கதிரையைத் தூக்கிப் பின்வளவில் போட்டு, "அங்க போய் இருங்கோ" என்று கலைத்துவிட்டேன்.

அங்கே வேலியோரம் ஒரு ஹோதோர்ன் மரம், முள்ளும் சிவப்புப் பழமுமாக நிற்கிறது. போன வருடம் ஏப்ரலில் உள்ளங்கைக்குள் அடங்கும் பச்சைக் குருவிகள் கூட்டமாக வந்து இறங்கின. கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம். தஸ்மேனியாவிலிருந்து கடல் தாண்டி வடக்கே போகிறவை, வழியில் பசியாற இறங்குகின்றன என்று பக்கத்து வீட்டுப் பத்மா சொன்னார். ஆறு நாளில் அவை போய்விட்டன. இவர் செத்தவீட்டுக்குப் போய்வந்த மாதிரி முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரிந்தார். எனக்குச் சிரிப்பாகவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது.

இந்த வருடம் ஈஸ்டர் முடிந்த கிழமை, மரத்து இலையெல்லாம் கறுத்த, வழுவழுப்பான புழு. "மரத்தை அரிச்சுத் தள்ளுதுகள். பழம் பழுதாப்போனா குருவி வந்து என்னத்தைத் தின்னும்?" என்று புலம்பினார். இரவே தெளிக்கிற கானில் மருந்தும் கலந்துவைத்தார். நான் காலையில் வேலைக்குப் போய் மத்தியானம் திரும்பினால், மனுசன் கதிரையில் தலையைப் பிடித்துக்கொண்டு இருக்கிறார். மரம் முழுக்கக் குருவி.

"என்னப்பா?"

"காலமை மருந்தடிச்சனான். பத்து மணிக்கு வந்து இறங்கிட்டுதுகள். அதுகள் பழம் தின்ன வரேல்லை, அஞ்சலீனா. புழுவைத்தான் தின்னுதுகள்."

உண்மைதான். ஒன்று புழுவைக் கிளையில் தேய்த்து விழுங்கியது. இன்னொன்று இலைக்கடியில் சிலந்தியை உருவி எடுத்தது. பழத்தில் ஒன்றிரண்டைக் கொத்திச் சதையைச் சுரண்டியதோடு சரி. கை தட்டிக் கலைத்தேன். ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு அதே கிளைக்கு வந்தன. கடல் தாண்டிய பசி, விடுமா?

"விருந்துக்குக் கூப்பிட்டு நஞ்சு வைச்சிட்டன்," என்று அழுதார். அவர் அழுது நான் முன்பு கண்டது அவருடைய அம்மா செத்த அன்றைக்கு மட்டும்தான்.

"எந்தக் கானாலை அடிச்சனீங்கள்?"

"கராஜ் கதவடியிலை இருந்தது."

"மருந்து மணத்ததோ?"

"எனக்கு மூக்குச் செத்து எவ்வளவு காலம்."

கராஜுக்கு ஓடினேன். அவர் கலந்து மேல்தட்டில் வைத்து மறந்த மருந்து, கான் நிறைய அப்படியே இருந்தது. கதவடியில் கிடந்த வெறுங்கான் என்னுடையது. ஈஸ்டர் பூசைக்கு எல்லாரும் சின்னப் போத்தலில் தீர்த்தம் எடுத்துப்போக, நான் வளவெல்லாம் தெளிக்கலாம் என்ற பேராசையில், அவர் உபரியாக வாங்கிவைத்த அதே மாதிரிப் புதுக் கானில் ஐந்து லீற்றர் பிடித்து வந்திருந்தேன். சுவாமியாரே சிரித்துவிட்டார்.

திரும்பி வந்து சொன்னேன். "நீங்கள் அடிச்சது மருந்தில்லை. கோயில் தீர்த்தம்."

அவருடைய சாமானை நான் தொட்டால் வீடு இரண்டுபடும். ஏச்சுக்குத் தயாராக நின்றேன். அவரோ எழுந்து கராஜுக்குப் போய், மருந்துக் கானைத் தூக்கிப் பாரம் பார்த்துவிட்டு, அங்கேயே நிலத்தில் இருந்துவிட்டார்.

"அப்ப, சாகாதுகளோ?"

"புழுவே சாகேல்லை. குருவி எப்பிடிச் சாகும்?"

அழுதுகொண்டே சிரிக்கத் தொடங்கினார்.