ஸ்டெல்லா அக்காவும் அவர் வளர்த்த பேத்தையும்

ஸ்டெல்லா அக்கா நேற்று பிற்பகல் மேற்குத் தாம்பரத்தில் தம் வீட்டில் காலமானார். அவருடைய கணவர் பால்ராஜ் இன்று காலை தொலைபேசியில் இதை உறுதிசெய்தார். சில மாதங்களாகவே அக்காவுக்கு இதயம் சரியில்லை. செய்தியைச் சொல்லிவிட்டு, "தொட்டியில மீனு ரெண்டு மூணு நாளா சாப்பிடல சார். ஒரு நடை வர முடியுமா?" என்று கேட்டார்.

நம் நாளிதழின் துணை ஆசிரியராக நம் செய்திகளில் அக்கா அடித்து நீக்கிய வரிகளை நாம் மறக்க மாட்டோம். மீனையும் பலர் பார்த்திருக்கிறோம். பேத்தை உடலை ஊதிக்கொள்ளும் விஷமீன், வலையில் வந்தால் கரையில் எறிந்துவிடுவார்கள். கோவளத்தில் அப்படி ஊதிக் கிடந்த ஒரு குட்டியை அவர் வாளியில் எடுத்துவந்தார். கூடத்துச் சுவர் நீளத்துக்குத் தொட்டி வைத்தார். அது முழங்கை நீளம் வளர்ந்தது.

கடல்நீரும் கோவளத்திலிருந்துதான். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கேன்களோடு கிளம்புவார். ஒருமுறை நானும் பஸ்ஸில் கூடப் போனேன். "இன்னாமா, கடலையே வூட்டுக்கு எடுத்துகினு போறியா?" என்றார் நடத்துநர். "உனக்கும் கொஞ்சம் விட்டு வெச்சிருக்கேன்ப்பா," என்றார் அக்கா.

விருந்தாளிக்கு உரிப்பதுபோல் இறாலை ஓடு நீக்கி, குடல் எடுத்து மீனுக்குப் போடுவார். "ஓட்டோட வெச்சா மரியாதையா?" அந்த மரியாதை மீனைப் பட்டினி போட்டது. நண்டும் சிப்பியும் கடித்தால்தான் பேத்தையின் பல் தேயும். தேயாத பல் வளர்ந்து வாயை அடைத்துவிட்டது. காரணம் புரிந்ததும் அக்கா கட்டிங் பிளேயரை எடுத்தார். ஈரத்துணியால் மீனைப் பிடித்தது நான். "தண்ணிக்கு மேல தூக்காதே. காத்த முழுங்கிட்டா வெளிய விடத் தெரியாது," என்றார். பல்லின் நுனி நறுக்கென்று தெறித்தது. அதன்பின் ஓட்டோடுதான் எல்லாம். என் செய்திகளை மட்டும் உரித்துக்கொண்டே இருந்தார்.

இன்று மதியம் போனேன். அக்காவின் உடல் கூடத்தில் இருந்தது. அதற்குப் பின்னால் தொட்டி. மூலையில் வெளுத்துக் கிடந்த மீன் கண்ணை மட்டும் உருட்டியது. பல் மறுபடி வளர்ந்திருந்தது.

"அவளுக்கு இறால் உரிக்கும்போதெல்லாம் அதுக்கும் சேர்த்து உரிச்சுட்டேன் சார்," என்றார் பால்ராஜ். "முடியாத வீட்ல எதுக்கு ஓடுன்னு."

பல்லை வெட்ட வேண்டும் என்றேன். இத்தனை ஆண்டுகளில் அவர் தொட்டிக்குள் கை விட்டதில்லை.

"கடிக்குமா?"

"வாயே தொறக்க முடியல. எங்க கடிக்கிறது?"

அவர் லேசாகச் சிரித்தார். பிறகு உள்ளே போய் அந்தக் கட்டிங் பிளேயரைக் கொண்டுவந்து என் கையில் வைத்தார். கைப்பிடியில் உப்புத் துரு. இனி அது என்னிடம் இருக்கும். தண்ணீருக்கு மேல் தூக்காதே என்ற அந்தக் குரலும்.

மகள் இன்றிரவு வருகிறார். அடக்கம் நாளை மாலை. மறுநாள் காலை மீனின் பல்லை நான் வெட்டுகிறேன். மீனைப் பிடிக்க பால்ராஜ் சம்மதித்திருக்கிறார். சிப்பிக்குச் சொல்லியாகிவிட்டது. மீன் சாப்பிடுமா என்பது ஞாயிற்றுக்கிழமைக்குள் தெரியும்.