கார்களுக்கு நடுவே கீரைக்கட்டு

பழைய அமெரிக்க ஸ்போர்ட்ஸ் காரின் உறுமலுக்கு எதுவும் ஈடாகாது என்பான் என் மச்சான். வளைவு வரட்டும், புது ஜெர்மன் கார்தான் ஜெயிக்கும் என்பேன் நான். பல வருடச் சண்டை. இரண்டையும் போனில்தான் பார்த்திருந்தோம்.

போன வாரம் இரண்டும் ஒன்றாகவே கிரிவலப் பாதையில் வந்தன. எங்கள் கண்ணெதிரே, கார்களுக்கு முன்னால், ஒரு கோயில் மாடு படுத்துக்கொண்டது. யார் விரட்டுவது? அதன்மேல் கை வைத்தால் ஊர் நம்மை விரட்டும்.

ஓரமாக இழுத்துப் போகலாமென்று மச்சான் அகத்திக்கீரை வாங்கி நீட்டினான். சனியன், படுத்தபடியே தின்றது. அதைப் பார்த்து வலம் வந்தவர்களும் புண்ணியமென்று ஆளுக்கொரு கட்டோடு சூழ்ந்துவிட்டார்கள். இரண்டு கார்களும் எஞ்சினை அணைத்தன.

கையில் மிச்சக் கீரைக்கட்டுகளோடு நின்ற மச்சானிடம் ஓர் அம்மா காசை நீட்டிச் சொன்னார்: "எனக்கும் ஒரு கட்டு குடுப்பா."