ஊட்டிப் பனையின் குருத்து

கேஸ் அடுப்பை அணைத்தேனா என்று பார்க்க இன்றைக்கும் பாதி வழியில் திரும்பி வருகிறவள் நான். இந்தக் குணம் ஏழு வயதிலேயே வந்துவிட்டது. அப்போது அது ஒரு பனையைக் கொல்லப் பார்த்தது.

கோட்டூர்புரத்தில் ஒரு மாமி வீட்டுத் தோட்டத்தை என் அத்தை பார்த்துக்கொண்டிருந்தாள். பள்ளி விட்டதும் நான் நேரே அங்கே போய்விடுவேன். மாமியின் மகன் வெளிநாடு போகுமுன் ஊட்டியிலிருந்து ஒரு விசிறிப் பனைக் கன்றைக் கொண்டுவந்து வைத்திருந்தார். உறைபனிக்கே அசராத மரமாம். நம் ஊர் வெயில்தான் அதற்கு ஆகாது. மதில் நிழலில் அதை நிறுத்தி, சுற்றிலும் வெள்ளிக் கதிர் விடும் அழகுப் புல்லை நட்டு, வேரைக் குளிர்ச்சியாக வைத்திருந்தாள் அத்தை. தண்ணீரை அடியில்தான் விடுவாள். நடுக் குருத்தில் தண்ணீர் தங்கினால் அழுகிவிடும். பனைக்கு இருப்பது ஒரே குருத்து, அது போனால் மரமே போச்சு. எட்டாவதோடு பள்ளியை விட்டவள் நான் என்றாலும், பனையைப் பற்றி இவ்வளவும் சொல்வேன். அத்தையோ பள்ளிக்கூடமே பார்க்காதவள்.

அந்த ஐப்பசியில் நாலு நாள் மழை விடவில்லை. விட்டதும் அத்தை குருத்தை இரண்டு விரலால் மெல்ல இழுத்துப் பார்த்தாள்; அடி அழுகியிருந்தால் கையோடு வந்துவிடும்.

"பிடிப்பு கீதும்மா," என்றாள்.

"தை மாசம் புள்ள வரான். அதுக்குள்ள இது போச்சுன்னா நான் வேற ஆளைப் பாத்துண்டுடுவேன்," என்றார் மாமி.

அத்தைக்கு வேலை போய்விடும் என்பது மட்டும் எனக்குப் புரிந்தது. அன்றிலிருந்து நானும் இழுத்துப் பார்க்க ஆரம்பித்தேன். போனதும் ஒரு தடவை, கிளம்பும்போது ஒரு தடவை, நடுவில் சந்தேகம் வந்தால் இன்னொரு தடவை. "அத்தே, உயிரோட கீதா?" என்று கேட்டுக் கேட்டு அவள் உயிரை வாங்கினேன்.

"உன்னப் பாத்தாலே அதுக்கு ஜுரம் வருதுடி," என்பாள்.

ஒரு வியாழக்கிழமை குருத்து கையோடு வந்துவிட்டது. அடிப்பக்கம் பழுப்பாகக் குழைந்து நாறியது. அதை அப்படியே திரும்பச் செருகி, நேராக நிமிர்த்திவிட்டு, வாசல் படியில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

மறுநாள் நான் போனபோது குருத்து தரையில் கிடந்தது. அத்தை அந்தக் குழியைத் துணியால் ஒற்றி, மயில்துத்தமும் சுண்ணாம்பும் கரைத்த நீல மருந்துத் தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்தாள். மாமி பார்த்துவிட்டார்.

"குருத்தை யாரு பிடுங்கினா?"

"நான்தாம்மா. அழுகுனது உள்ள இருக்கக் கூடாது. அடியில உயிர் இருந்தா மேல வரும்."

"வரலேன்னா?"

"நீங்க சொல்ல வேணாம். நானே போய்டறேன்."

மாமி என்னைப் பார்த்தார். நான் புல்லைப் பார்த்தேன்.

மார்கழிக் கடைசியில் அந்தக் குழியிலிருந்து சுண்டுவிரல் அளவு பச்சை எட்டிப் பார்த்தது. மகன் வந்து இறங்கியபோது அது மடித்த விசிறியாக நின்றது. மாமி அதை ஊரைக் கூட்டிக் காட்டினார்.

ஆனால் குருத்தைத் தூக்கி எறிந்த அந்த வெள்ளிக்கிழமையே, வீட்டுக்கு நடக்கும்போது அத்தை சொல்லிவிட்டாள்: "இன்னொரு தபா புடுங்கிட்டுச் சொருவி வெக்காத. உள்ளயே வெந்து செத்துருக்கும்."

யாரும் பார்க்கவில்லை, நானும் சொல்லவில்லை; பிறகு அத்தைக்கு எப்படித் தெரிந்தது? புல்லுக்குக் கண் இருக்கிறதோ என்று வெகுநாள் அந்தப் பக்கம் போகவே பயந்தேன். அந்த வியாழக்கிழமை கிளம்பும்வரை, "உயிரோட கீதா" என்று நான் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை.