இரண்டங்குலம் வளர்ந்தவர்

ரெம்பியாவில் ஒரே லோரியில் தொடங்கி ஒன்பது லோரிக்கு முதலாளியானவன் நான். தொண்ணூறுகளில் குடலிறக்க ஆப்பரேஷனுக்காக மலாக்கா ஆஸ்பத்திரியில் படுத்திருந்தேன். பக்கத்துக் கட்டில்காரர், உயரம் போதவில்லை என்று வெளிநாடு போய்க் கால் எலும்புகளை வெட்டி இரண்டங்குலம் நீட்டிக்கொண்டவர். உள்ளே வைத்த கம்பிகளை இங்கே எடுத்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. யார் வந்தாலும், "நீங்க எவ்வளவு உயரம்?" என்று கேட்டுவிடுவார்.

ஊன்றுகோல் இல்லாமல் நிற்கவே கூடாது என்று டாக்டர் அவரிடம் சொல்லியிருந்தார்.

"கால் ஒடிஞ்சு மூணாம் வாரமே கிளட்ச் மிதிச்சவன் நான். கம்பத் தூக்கிப் போட்டுட்டு நட லா, தம்பி!" என்றேன்.

"கம்பி இருந்த இடம் இன்னும் ஓட்டையா இருக்காம், அண்ணே."

"படிச்சவங்களுக்கு எதுக்கெடுத்தாலும் பயம்!"

அவர் சிரித்துக்கொண்டே ஊன்றுகோலைக் கட்டிலில் சாய்த்துவிட்டு நடந்தார். நாலாவது அடியில் எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது.

ஓடி வந்த டாக்டரிடம், "தண்ணி எடுக்கப் போனேன், வழுக்கிடுச்சு" என்றார். நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். மறுபடியும் கம்பி வைக்க அவரைத் தள்ளிக்கொண்டு போனார்கள். அவர் திரும்புவதற்குள் நான் வீட்டுக்குக் கிளம்பிவிட்டேன்.

என்னை அவர் ஏன் காட்டிக்கொடுக்கவில்லை என்று இன்றுவரை விளங்கவில்லை. காட்டிக்கொடுத்திருந்தால் மன்னிப்பாவது கேட்டிருப்பேன்.