விண்ணப்பத்தோடு ஒரு பாட்டு

விருப்பமிருந்தால் இசைப் பதிவு ஒன்றையும் சேர்த்து அனுப்பலாம் என்று வெளிநாட்டுக் கல்லூரி விண்ணப்பத்தில் பார்த்ததும் எனக்குக் கை கால் ஓடவில்லை. எட்டாம் வகுப்பிலிருந்து ஞாயிறுதோறும் எங்கள் சபை ஆராதனையில் கீபோர்டு வாசிப்பவள் நான். விடுவேனா?

அங்கேயே படிக்கும் பெரியப்பா மகள், என் அக்கா, போனில் ஒரே போடாகப் போட்டாள். "சும்மா அனுப்பிறாதடி. மியூசிக் வாத்தியாருங்களே ஒக்காந்து கேப்பாங்க. சுமாரா இருந்துச்சுன்னு வையி, நல்லா இருக்குற அப்ளிகேசனும் சேந்து அடிவாங்கும்." உதவித்தொகையோடு இடம் கிடைத்தால்தான் எனக்கு அந்தக் கல்லூரி. நத்தம் ரோட்டில் மோட்டார் ரிப்பேர் கடை வைத்திருக்கும் அப்பா வேறெப்படிப் படிக்கவைப்பார்?

"பியானோல வாசி, எடுப்பா இருக்கும். ரெண்டு பாட்டு, ரெண்டு ஸ்கேல்ல" என்று அவளே வழியும் சொன்னாள். தெரிந்த பள்ளி ஒன்றில் பியானோ இருந்தது. முதல் பாட்டு நன்றாகவே போயிற்று. இரண்டாவதற்குச் சுருதியை ஏற்ற என் இடதுகை தானாக மேலே போய்த் துழாவியது. பொத்தானைக் காணோம். கீபோர்டில் அந்தப் பொத்தானை அமுக்கினால் போதும், விரல்கள் பழகிய இடத்திலேயே ஓடும், சுருதி மட்டும் ஏறும், இறங்கும். அதை நம்பியே இத்தனை வருடம் ஓட்டியிருக்கிறேன். நிஜத்தில் எனக்கு ஒரே ஒரு ஸ்கேல்தான் தெரியும். அசடு வழிய உட்கார்ந்திருந்தேன்.

"என்ன பாப்பா, கரண்டு இல்லையா?" என்றார் கூட வந்த அப்பா.

அனுப்புவதே இல்லை என்று முடிவுகட்டினேன். அந்த ஞாயிறு வழக்கம்போல் அப்பா சபையில் பாட எழுந்தார். சுருதி கேட்கிற பழக்கமே அவருக்குக் கிடையாது. மோட்டார் சத்தத்தை மீறிக் கத்திப் பழகிய தொண்டை எங்கே போய் நிற்கிறதோ, அங்கேதான் பாட்டு. அவர் இரண்டாவது சொல்லுக்கு வருவதற்குள் பொத்தானைத் தட்டிப் பிடித்துவிட்டேன். நடுவில் குஷி வந்து இன்னும் மேலே ஏறினார். அங்கேயும் விடவில்லை. அம்மா போனில் எடுத்திருந்த வீடியோவைப் பார்த்தபோது எனக்கே புல்லரித்துவிட்டது. இதுதானே என் வித்தை!

அக்காவுக்கு அனுப்பினேன். "லூசு, இத வச்சுக்கிட்டா பியானோவத் தேடிப் போன? இதையே அனுப்பு" என்றாள். அன்றைக்கே அனுப்பிவிட்டு, அம்மாவைக் கட்டிக்கொண்டு குதித்தேன். அப்பாவும் சிரித்தார்.

அடுத்த ஞாயிறு மைக்கைப் பிடித்த அப்பா பாட்டை எடுக்கவில்லை. என் பக்கம் குனிந்தார்.

"சுருதி குடு பாப்பா. வேற ஆளு வாசிச்சா நாந்தான கேட்டுப் பாடணும். இப்பருந்தே பழகிக்கிறேன்."