கதைக் குகை ரயிலில் அம்மாவின் கூடை

இதை வாசிக்கிறவர்களே, கும்பிட்டுக் கேட்கிறேன், எங்கள் தேயிலைத் தோட்டத்து ஆட்கள் யாருக்கும் இதைக் காட்டிவிடாதீர்கள். எல்லோரும் தூங்கிய பிறகு, போர்வைக்குள் அம்மாவின் போனில் எழுதுகிறேன். பயமாக இருக்கிறது. ஆனாலும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அங்கே போக நினைக்கிறவர்களுக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

எல்ல ஊருக்குப் போகும் வழியில் புதிதாகத் திறந்த பூங்காவில் அப்பாவுக்கு வேலை. கதைக் குகை ரயிலில் ஆட்களை ஏற்றிவிடுவது அவர்தான். வேலை செய்கிறவர்களின் குடும்பத்துக்கு ஒரு நாள் இலவசம் என்றார்கள். அதனால் இன்று, ஞாயிற்றுக்கிழமை, அம்மா, தம்பி, நான் மூவரும் போனோம். தெமோதரையிலிருந்து ஒன்பது மணி பஸ்ஸில் இருபது நிமிடம். வெளியாட்கள் என்றால் டிக்கெட் பெரியவருக்கு அறுநூறு ரூபாய், பிள்ளைக்கு முந்நூறு.

ரயில் எட்டு நிமிடம் ஓடுகிறது. அழகில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். பேசும் முயல்கள், கண்ணாடி அரண்மனை, நெருப்புக் கக்கும் டிராகன். தம்பி திறந்த வாயை மூடவே இல்லை. கடைசிக் குகையில் ரயிலை நிறுத்தி விளக்கை அணைத்தார்கள். திடீரென்று பச்சை வெளிச்சம். இளவரசியைத் தூக்கிப்போக வந்த சூனியக்காரி பொம்மை சிரித்தது. கரிய முகம், மூக்குத்தி, கொழுந்தெடுக்கும்போது இடுப்பில் கட்டுகிற படங்குத் துணி, தலையில் கயிறு, முதுகில் கூடை.

முன்பெட்டிப் பிள்ளைகள் வீரிட்டார்கள். தம்பி மட்டும், "அம்மா, அது ஒங்க கூடை!" என்றான்.

அம்மாவின் கூடையேதான். தலையை அழுத்தாமல் இருக்கக் கயிற்றில் அம்மா சுற்றித் தைத்த சிவப்புச் சேலைத் துண்டு அப்படியே இருந்தது. தோட்டத்தில் பிளாஸ்டிக் கூடை கொடுத்த பிறகு, "தோட்டத்தப் பத்திக் காட்சி வைக்கப் போறோங்க" என்று பூங்காக்காரர்கள் நாங்கள் குடியிருக்கும் லயத்துக்கு வந்து பழைய கூடை கேட்டார்கள். அம்மா கழுவிக் காயவைத்துக் கொடுத்தார். "ஊரே பாக்கட்டும்" என்று எவ்வளவு சந்தோஷம் அவருக்கு! அந்தக் கூடையில் பறித்த கொழுந்தைத்தானே இவர்கள் காலையும் மாலையும் குடித்தார்கள்? அதை முதுகில் போட்டவள் சூனியக்காரியா?

வெளிச்சம் அணைந்தது. "சும்மா உக்காரு புள்ள!" என்று அம்மா இழுப்பதற்குள் ரயிலிலிருந்து குதித்துப் பொம்மையின் கூடையைக் கழற்றிவிட்டேன். அதை முதுகில் போட்டுக்கொண்டே வெளிவாசலால் நடந்தேன். ஒருவரும் நிறுத்தவில்லை. கூடை தூக்கிப் போகிற தோட்டத்துப் பிள்ளையை யார் திரும்பிப் பார்க்கிறார்கள்? பஸ்ஸில் அம்மா கூடையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

இரவு அப்பா வந்து, "கூடைய எவனோ தூக்கிட்டான். கெடைக்கலேன்னா நாளைக்கு வேலைக்கு வராதன்னுட்டாரு சூப்பவைசர். விடியறதுக்குள்ள லயத்துக்கே வந்து பாக்கப் போறாராம்" என்று தலையில் கைவைத்து உட்கார்ந்தார். கூடை என் கட்டிலுக்குக் கீழே இருக்கிறது. கொடுக்காவிட்டால் அப்பாவுக்கு வேலை இல்லை. கொடுத்தால் அம்மா மறுபடியும் சூனியக்காரி.

போகிறவர்கள் போங்கள். குகை குளிரும், ஜம்பர் எடுத்துப் போங்கள். நாலரைக்குப் பிறகு பஸ் குறைவு. கடைசிக் குகையில் உங்கள் பிள்ளை பயந்தால், அது கொழுந்தெடுக்கிற ஒரு அம்மா என்று சொல்லுங்கள்.

கதவைத் தட்டுகிறார்கள். அம்மா எழும்பிவிட்டார், தூங்கவே இல்லை போலிருக்கிறது. குனிந்து கட்டிலுக்குக் கீழிருந்து கூடையை எடுக்கிறார். கயிற்றைத் தலையில் மாட்டிக்கொண்டு, "நீ படு. இது என் கூடை, நான் பேசிக்கிறேன்" என்று கதவைத் திறக்கிறார்.